வண்ணத்துக்கு முன்னால் மரம்: மாதிரிப் படகுகள் பற்றிய வாசகர் கேள்விகள்

பழைய மரப்பொருள்களைப் புதுப்பிப்பது குறித்து இப்பகுதியில் எழுதியதைத் தொடர்ந்து, மாதிரிப் படகுகளைப் பற்றி வந்த கடிதங்களைத் தனியே எடுத்து வைத்திருந்தேன். அவற்றில் பெரும்பாலானவை ‘எந்தப் பெயின்ட் நல்லது?’ என்றே தொடங்குகின்றன. அதற்குப் பதில் உண்டு. ஆனால் படகு வேலையில் அது கடைசியாகத் தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்பதால், பதிலிலும் கடைசியில்தான் வரும்.

கேள்வி: எங்கள் தாத்தா 1960களில் தம் கையால் செய்த தோணி மாதிரி ஒன்று பரணில் கிடைத்தது. நீளம் இரண்டே முக்கால் அடி. ஏரா (அடிக்கட்டை), வங்கு (விலாச்சட்டம்) எல்லாம் முறையாக வைத்து மெல்லிய பலகைகளை அறைந்திருக்கிறார். நீர்மட்டத்துக்குக் கீழே சிவப்பும் மேலே வெள்ளையும் பூசியிருந்தது. இரண்டும் செதில் செதிலாக உதிர்கின்றன. பலகைகளுக்கு இடையே நூல் நுழையும் அளவுக்கு இடைவெளி. தண்ணீர்த் தொட்டியில் விட்டால் கால் மணி நேரத்தில் அமரம் (பின்முனை) தாழ்ந்துவிடுகிறது. சாண்டிங் சீலர் இரண்டு கோட்டு அடித்து அதன்மேல் எனாமல் பூசினால் போதும் என்று கடைக்காரர் சொல்கிறார். பேரப்பிள்ளைகள் மிதக்கவிட ஆசைப்படுகிறார்கள். செய்யலாமா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: கடைக்காரர் சொன்ன முறை சாப்பாட்டு மேசைக்குப் பொருந்தும், நீரில் இறங்கப்போகும் தோணிக்குப் பொருந்தாது. கடைகளில் சாண்டிங் சீலர் என்று விற்கப்படுவது பெரும்பாலும் நைட்ரோசெல்லுலோஸ் வகையைச் சேர்ந்த திரவம். மரத்தின் நுண்துளைகளை நிரப்பி, உப்புத்தாள் பட்டவுடன் மாவாக உதிர்ந்து வழுவழுப்பாகும் ஓர் அடிப்பூச்சைத் தருவதற்காகவே அது தயாரிக்கப்படுகிறது. எளிதில் தேய்வதையே நோக்கமாகக் கொண்ட ஒரு பூச்சு, நீரைத் தடுக்கும் சுவராகவும் இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

மரம் ஈரத்தை ஏற்றால் நீளவாக்கில் ஏறக்குறைய வளர்வதே இல்லை. ஆனால் இழைக்குக் குறுக்காக, அதாவது பலகையின் அகலத்தில், கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு உப்பும். உலர்ந்தால் அதே திசையில் சுருங்கும். உங்கள் தோணியின் பலகைகள் பரணின் சூட்டில் பல ஆண்டுகள் கிடந்து சுருங்கியதால் வந்தவைதான் அந்த இடைவெளிகள். பெரிய மரக்கலங்களைக் கட்டியவர்கள் இந்தக் குணத்தைத் தமக்குச் சாதகமாக்கிக்கொண்டார்கள்: பலகை இடுக்குகளில் பஞ்சைத் திணித்துக் கலப்பற்றிய (அடைத்த) கலம் நீரில் இறங்கியதும் பலகைகள் உப்பி இடுக்குகளைத் தாமே இறுக்கிக்கொள்ளும். அது எப்போதும் நீரிலேயே கிடக்கும் கலத்துக்கு உரிய உத்தி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் மிதந்துவிட்டு மற்ற நாள்களில் அலமாரியில் இருக்கப்போகும் மாதிரிக்கு, மரம் ஈரத்தை ஏற்கவும் விடவும் வழியே இல்லாமல் செய்வதுதான் சரி. வெளிப்புறத்தை மட்டும் அடைத்துவிட்டு உட்புறத்தை வெறும் மரமாக விட்டுவிடுவது நான் மிக அதிகமாகக் காணும் தவறு. உள்ளே ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கினாலே போதும். மரம் உள்ளிருந்து உப்பி, வெளிப் பெயின்ட்டைப் பலகை ஓரங்கள் நெடுகக் கோடு கோடாகப் பிளந்துவிடும்.

இனி வேலைக்கு வருவோம். அந்தச் சிவப்பைச் சந்தேகத்தோடு அணுகுங்கள். அக்காலத்து எண்ணெய்ப் பெயின்ட்களில், சிவப்பு வெள்ளை இரண்டிலுமே, ஈயம் கலந்திருப்பது சாதாரணம். வீட்டுப் பெயின்ட்களில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதிகளே நம் நாட்டில் 2016இல்தான் வந்தன. ஆகவே உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். நெருப்புக் காட்டிச் சுரண்டவும் வேண்டாம். வாட்டர் பேப்பரைச் சோப்பு நீரில் நனைத்து, சிறிது சிறிதாகத் தேய்த்து, வரும் சேற்றைப் பழந்துணியால் துடைத்து உறையில் கட்டிவிடுங்கள். முகமூடி அணியுங்கள். பேரப்பிள்ளைகள் ஆர்வத்தோடு வந்து நிற்பார்கள். இந்தக் கட்டத்தில் மட்டும் அவர்களை அருகே விடாதீர்கள்.

நீர்த்தேய்ப்பு முடிந்த மரம் ஈரமாக இருக்கும். அது எப்போது உலர்ந்தது என்று கையால் தடவிச் சொல்ல முடியாது; சமையலறைத் தராசு சொல்லும். தோணியை நிழலில், காற்றோட்டத்தில் வைத்து, மூன்று நாளுக்கு ஒரு முறை எடை போட்டுக் குறித்து வாருங்கள். எடை குறைந்துகொண்டே வந்து, அடுத்தடுத்த இரண்டு மூன்று நிறுவைகளில் மாறாமல் நின்றால், மரம் உங்கள் ஊர்க் காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். சீக்கிரம் முடியட்டும் என்று வெயிலில் வைத்தால் புதிய வெடிப்புகள் உண்டாகும்.

இடைவெளிகளில் கடினமாக இறுகும் பட்டி என்ற நிரப்புக் கலவையைத் திணிக்க வேண்டாம். அகலமான இடுக்குகளில் அதே வகை மரத்தில் சீவிய மெல்லிய சிம்பை எப்பாக்ஸி என்ற பிசின்பசை தடவிச் செருகி, காய்ந்ததும் சமமாக இழைத்துவிடுவதே நல்லது. நூலளவு இடைவெளிகளுக்கு, அரைத்த மரத்தூளை எப்பாக்ஸியில் குழைத்த விழுது போதும். மரவேலைக்குப் பயன்படுத்தும் சாதாரண வெள்ளைப் பசை நீரில் இளகிவிடும் என்பதால் அது இங்கே உதவாது.

பிறகுதான் அடைப்புப் பூச்சு. நீரில் விடப்போகும் மாதிரிக்கு என் தேர்வு, ரெசினும் ஹார்டனரும் தனித்தனியே வரும் நீர்த்த எப்பாக்ஸிதான். உறையில் சொல்லப்பட்டிருக்கும் விகிதம் எடைக்கணக்கா கொள்ளளவுக் கணக்கா என்பதை முதலில் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல, இதில் குழம்பியவர்களின் படகுகள் மாதக்கணக்கில் பிசுபிசுத்துக் கிடக்கும். ஒரு தடவைக்கு 30 அல்லது 40 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். கலந்ததை ஆழமான கிண்ணத்தில் வைத்திருந்தால் தன் சூட்டிலேயே கொதித்து இறுகிவிடும், ஆகவே தட்டையான தட்டில் பரப்பிவிடுங்கள். கையுறை கட்டாயம், எப்பாக்ஸி ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பிறகு விலகுவதில்லை. பூசும் நேரத்திலும் ஒரு நுட்பம் உண்டு. காலையில் பூசினால், பொழுது ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று சூடேறி விரிந்து, பூச்சில் குமிழிகளைக் கிளப்பும். மாலையில், மரம் குளிரத் தொடங்கும்போது பூசினால், உள்ளிருக்கும் காற்று சுருங்கி, ரெசினை மரமே உள்ளே இழுத்துக்கொள்ளும். உட்புறத்தில் இரண்டு பூச்சு, வெளிப்புறத்தில் இரண்டு பூச்சு. அணியத்திலும் (முன்முனை) அமரத்திலும் பலகைகளின் வெட்டுமுனைகள் திறந்து நிற்கும் இடங்கள் மற்ற இடங்களைவிடப் பல மடங்கு வேகமாக நீரை உறிஞ்சும். அங்கே இன்னொன்று கூடுதலாகக் கொடுங்கள். தூத்துக்குடியின் ஈரக்காற்றில் காய்ந்த எப்பாக்ஸியின் மேல் மெழுகுபோல் ஒரு படலம் படிந்திருக்கலாம். அதைத் தேய்ப்பதற்கு முன்பே வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் நாரும் கொண்டு கழுவிவிட வேண்டும். கழுவாமல் உப்புத்தாள் போட்டால் அந்தப் படலம் கீறல்களுக்குள் போய் ஒளிந்துகொண்டு, மேலே பூசும் எனாமலைக் காயவிடாமல் செய்யும்.

எப்பாக்ஸியை அப்படியே விட்டுவிடவும் கூடாது. வெயிலின் புற ஊதாக் கதிர்பட்டு அது மஞ்சளித்துச் சுண்ணாம்புபோல் பொடியாகும். ஒரு வாரம் விட்டு, 220 எண் தாளால் மேற்பரப்பின் பளபளப்பு போகும்வரை தேய்த்து, பிரைமர் ஒன்று கொடுத்து, அதன்மேல் சாதாரண சிந்தெடிக் எனாமலைப் பூசுங்கள். கார்களுக்கு அடிக்கும் இரு கலவை பாலியூரித்தேன் பெயின்ட் இதைவிட உறுதியானதுதான். ஆனால் அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைப் பதம் பார்க்கும், தெளிப்பதற்குத் தனி மூச்சுக்கருவி வேண்டும், ஆகவே வீட்டில் செய்பவருக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. எனாமலில் சிறிது டர்பன்டைன் கலந்து, கெட்டியாக ஒரு பூச்சு கொடுப்பதற்குப் பதில் மெல்லியதாக மூன்று கொடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு நாள் விட்டு 400 எண் வாட்டர் பேப்பரால் இலேசாகத் தேயுங்கள். கையில் ஒட்டாமல் காய்ந்துவிட்டது என்பதற்காக மறுநாளே தண்ணீரில் இறக்கிவிடாதீர்கள். உள்வரை இறுக இரண்டு வாரமாவது ஆகும்.

நிறத்தைப் பொறுத்தவரை தாத்தாவின் தேர்வை மாற்ற வேண்டியதில்லை. மேலே கறுப்பாக இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று பிள்ளைகள் கேட்கலாம். சாதாரண வெப்பத்தில் இறுகிய எப்பாக்ஸி 50, 60 டிகிரி செல்சியசில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் கறுப்புப் பூசிய பலகை அந்தச் சூட்டை எளிதில் எட்டிவிடும். வெள்ளையே நல்லது.

கேள்வி: படகின் நீர்மட்டக் கோட்டுக்காக எனாமல் காய்ந்த பின் அதன்மேல் கறுப்பு ஸ்பிரே அடித்தேன். ஐந்தே நிமிடத்தில் கீழே இருந்த பெயின்ட் தோல்போல் சுருங்கிவிட்டது. மாஸ்கிங் டேப்பின் அடியிலும் கறுப்பு ஊறிவிட்டது. எங்கே தவறு?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் அடித்தது லாக்கர் வகை, அதாவது விரைவாக ஆவியாகும் கடுமையான தின்னரில் கரைத்த பூச்சாக இருந்திருக்கும். டர்பன்டைனில் கரைத்துப் பூசும் எனாமல், முழுமையாக இறுகாத நிலையில் அந்தத் தின்னரைச் சந்தித்தால் உப்பிச் சுருங்கும். லாக்கர் வகையின் மேல் எனாமல் பூசலாம். எனாமலின் மேல் லாக்கர் கூடாது. சுருங்கிய இடத்தை இப்போதே தொடாதீர்கள். ஒரு வாரம் காயவிட்டு, சமமாகத் தேய்த்தெடுத்து, கோட்டையும் எனாமலிலேயே தூரிகையால் போடுங்கள்.

கோடு போட, படகை மேசையில் ஆடாமல் நிறுத்தி, பென்சிலை ஒரு மரக்கட்டையின் மேல் தேவையான உயரத்தில் கட்டி, கட்டையை மேசையோடு சேர்த்துத் தள்ளிக்கொண்டு சுற்றிவந்தால் போதும். அளவுகோல் வைத்து வளைவில் அளந்தால் கோடு ஏறி இறங்கும். டேப்பை ஒட்டிய பின், முதலில் அதன் ஓரத்தில் அடிநிறத்தையே மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள். ஊறுவதென்றால் அந்த நிறமே ஊறி இடுக்கை அடைத்துவிடும், அதன்மேல் போடும் கறுப்பு உள்ளே போகாது. கறுப்பு சற்று இளகிய நிலையில் இருக்கும்போதே டேப்பைத் தாழ்ந்த கோணத்தில் பின்னோக்கி மடித்து உரித்துவிடுங்கள்.

கேள்வி: வல்வெட்டித்துறையில் கட்டப்பட்டு, அமெரிக்கர் ஒருவரால் வாங்கப்பட்டு, 1938இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த ‘அன்னபூரணி’ பாய்க்கப்பலின் மாதிரியொன்று எங்கள் பெரியப்பாவிடமிருந்து எனக்கு வந்தது. காட்சிக்கு மட்டும். இப்போது முழுவதும் சாம்பல் நிறம் பூசப்பட்டிருக்கிறது. அதன் கீழே வேறு நிறங்கள் இருப்பது உடைந்த ஓரங்களில் தெரிகிறது. என்னிடமுள்ள பழைய நிழற்படத்தில் கப்பலின் உடல் கறுப்பாகத் தெரிகிறது. எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுக் கறுப்புப் பூசலாமா?
— வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: தயவுசெய்து சுரண்டாதீர்கள். உங்கள் கையில் இருப்பது மாதிரி மட்டுமன்று. அதை எந்தெந்தக் காலத்தில் யார் எந்த நிறத்தில் பார்க்க விரும்பினார்கள் என்பதற்கான சாட்சியும் அந்தப் பூச்சுகளில்தான் இருக்கிறது. கண்ணில் படாத ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஏராவின் அடிப்பக்கம் பொருத்தமானது. அங்கே 600 எண் வாட்டர் பேப்பரை விரல் நுனியில் வைத்து, நாணய அளவு வட்டத்தில், நடுவில் ஆழமாகவும் ஓரத்தில் மேலோட்டமாகவும் மெதுவாகத் தேயுங்கள். மரத்தை எட்டியதும் நிறுத்தி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். மரத்தின் ஆண்டு வளையங்களைப்போல ஒவ்வொரு பூச்சும் ஒரு வளையமாகத் தெரியும். மரத்தை அடுத்து இருப்பது அடிப்பூச்சு. அதற்கு அடுத்ததுதான் பெரும்பாலும் செய்தவர் பூசிய நிறம்.

அந்த வளையத்தில் பழுப்பேறிய ஒரு வெண்மை தெரிந்தால், அது செய்தவர் பூசிய பாலாடை நிறம்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். ஆளி விதை எண்ணெயில் குழைத்த வெள்ளை, ஒளி படாமல் மேல்பூச்சின் கீழ் கிடந்தால் மஞ்சளித்துவிடும். தேய்த்த இடத்தைச் சாளரத்தருகே சில வாரம் வெளிச்சம் படும்படி வைத்துப் பாருங்கள். அந்த மஞ்சளில் ஒரு பகுதி தானாகவே வெளுக்கும்.

நிழற்படத்தை நம்புவதிலும் ஓர் ஆபத்து உண்டு. அக்காலத்தில் பரவலாகப் பயன்பட்ட ஒருவகைக் கறுப்பு வெள்ளைப் படச்சுருளுக்குச் சிவப்பு ஒளியை உணரும் திறன் கிடையாது. அதில் சிவப்பும் செம்பழுப்பும் ஏறக்குறையக் கறுப்பாக விழும், நீலமோ வெளிறிப்போகும். படத்தில் கறுப்பாகத் தெரியும் உடல், எண்ணெய் பூசிய செம்பழுப்பு மரமாகவும் இருக்கலாம். படத்தில் கொடியோ, நிறம் உறுதியாகத் தெரிந்த வேறு பொருளோ இருந்தால், அது எந்தச் சாயலில் விழுந்திருக்கிறது என்று பார்த்து, அதை வைத்துக் கப்பலின் நிறத்தை ஊகிப்பதுதான் பாதுகாப்பான வழி.

புதிய நிறம் பூசித்தான் ஆக வேண்டுமென்றால், நாளை யாராவது அதை நீக்க விரும்பினால் பழைய பூச்சுக்குச் சேதமில்லாமல் நீக்கக்கூடியதாக இருக்கட்டும். பழைய சாம்பல் நிறத்தின் மேல், மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மெல்லியதாக ஒரு பூச்சு கொடுங்கள். முதலில் மறைவான இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வைத்துப் பார்த்து, பழைய பெயின்ட் கரையவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கரைந்தால் இந்த வழியை விட்டுவிடுங்கள். அரக்கின் மேல் நீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட்டைப் பூசலாம்; பிற்காலத்தில் ஸ்பிரிட் தொட்டால் அரக்கோடு சேர்ந்து அது வந்துவிடும். பளபளக்கும் பெயின்ட் வேண்டாம். உண்மைக் கப்பலை நாம் தூரத்திலிருந்து பார்க்கிறோம். இடையில் உள்ள காற்று நிறத்தை மங்கச் செய்கிறது. மாதிரியை ஓரடித் தொலைவில் பார்க்கும்போது அந்த மங்கல் இருக்காது. ஆகவே கறுப்பென்றால் அதில் சிறிது சாம்பல் கலந்து, பாதிப் பளபளப்புள்ளதாகப் பூசினால்தான் கண்ணுக்குக் கப்பலாகத் தெரியும். அப்படிச் செய்யாவிட்டால் பொம்மையாகத் தெரியும்.

கேள்வி: காட்சிக்கு வைக்கும் பாய்மரக் கப்பலின் மேல்தளத்துக்கு லாக்கர் அடித்தேன். காய்ந்தபோது பால் ஊற்றியதுபோல் வெண்மை படர்ந்துவிட்டது. மறுபடியும் எல்லாவற்றையும் எடுக்க வேண்டுமா?
— வாசகர், சென்னை

பதில்: உங்கள் கடிதம் எழுதப்பட்ட தேதி நவம்பர். காரணம் அதிலேயே இருக்கிறது. லாக்கரின் தின்னர் விரைவாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்கிறது. மழைக்காலக் காற்றின் ஈரம் அங்கே நுண்துளிகளாகப் படிந்து பூச்சுக்குள் மாட்டிக்கொள்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கண்காட்சிக்கு முந்தைய நாள், வெளியே மழை கொட்டிக்கொண்டிருக்க, இதே தவறைச் செய்துவிட்டு, தளம் வெள்ளையாகவே கண்காட்சிக்குப் போனது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எடுக்க வேண்டியதில்லை. வெயில் அடிக்கும் உலர்ந்த நாளுக்குக் காத்திருந்து, மெதுவாக ஆவியாகும் ரிட்டார்டர் தின்னரைப் பனிபோல் இலேசாகத் தெளியுங்கள். பூச்சு இளகி ஈரம் வெளியேறும், வெண்மை மறையும்.

கேள்வி: ஆலப்புழையில் வாங்கிய, கேரளத்துப் படகான கெட்டுவள்ளத்தின் மர மாதிரி என்னிடம் இருக்கிறது. கரும்பழுப்பு நிறம் வெளுத்துவிட்டது. உண்மையான வள்ளங்களுக்குப் பூசும் முந்திரி எண்ணெயையே வாங்கிப் பூசலாமா, ஆளி விதை எண்ணெய் போதுமா?
— வாசகர், நாகர்கோவில்

பதில்: நீங்கள் குறிப்பிடுவது முந்திரிக்கொட்டையின் ஓட்டிலிருந்து வடிக்கும் எண்ணெய். கேரளத்து வள்ளங்களின் அந்தக் கரிய பூச்சுக்கு அதுதான் காரணம்; பூச்சியையும் நீரையும் தடுப்பதில் அதற்கு ஈடு குறைவு. ஆனால் பதப்படுத்தாத நிலையில் தோலில் பட்டால் கொப்புளம் எழும்பும். கரிய வள்ளங்களின் அழகில் எனக்கும் மயக்கம் உண்டு. இருந்தாலும் வரவேற்பறையில் பிள்ளைகள் தொட்டுப் பார்க்கும் ஒரு பொருளுக்கு அதைப் பூசச் சொல்ல மாட்டேன். மாதிரியை மென்மையான தூரிகையால் தூசு தட்டி, நிறமேற்றும் கரும்பழுப்புச் சாயத்தை ஸ்பிரிட்டில் கரைத்துத் தடவி, காய்ந்ததும் அரக்குப் பூச்சு இரண்டு மெல்லியதாகக் கொடுத்தால் அதே சாயல் வந்துவிடும்.

ஆளி விதை எண்ணெயும் பொருத்தமே, மாதிரி நீரில் இறங்காது என்றால். நீருக்கு அது தடையாகாது, ஈரமான இடத்தில் கரும்பூஞ்சை பிடிக்கவும் செய்யும். கடைகளில் ‘டபுள் பாயில்டு’ என்று விற்பதை வாங்குங்கள். பச்சை எண்ணெய் காய நாள்கணக்கில் ஆகும். துணியால் தடவி, கால் மணி நேரம் கழித்து, மரம் உறிஞ்சியதுபோக மிஞ்சியதை முழுவதும் துடைத்துவிடுங்கள். மிஞ்சியது தங்கினால் பிசுபிசுப்பாகி, தூசியைப் பிடித்துவைத்துக்கொள்ளும். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பைக் கூடையில் போட்டுவிடாதீர்கள். அந்த எண்ணெய் காய்வது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து; அப்போது வெப்பம் உண்டாகும்; சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கி, யாரும் பற்றவைக்காமலேயே தீப்பிடிக்கும். துணியைத் தண்ணீரில் முக்கி எடுத்து, வெளியே, கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிட்டு, விறைத்த பிறகு அப்புறப்படுத்துங்கள்.